அடிபட்ட தெருநாய்: தூக்கும் இடம் முதல் சேரும் இடம் வரை

நாய்க்கு எங்கே அடிபட்டாலும் காலைத்தான் தூக்கும் என்பது நம் ஊர்ப் பேச்சு. எதற்கெடுத்தாலும் ஒரே சாக்கைச் சொல்கிறவர்களைக் கேலி செய்ய அதைச் சொல்கிறோம். கால்நடை மருத்துவர்கள் அதைக் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை. வண்டி மோதிய நாய் பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் ஓடிவிடும். ‘கால்தானே, சரியாகிவிடும்’ என்று நாமும் கிளம்பிவிடுவோம். உள்ளே சிறுநீர்ப்பை கிழிந்திருக்கலாம். உதரவிதானம் கிழிந்து குடல் நெஞ்சுக்கூட்டுக்குள் ஏறியிருக்கலாம். இரண்டு நாள் கழித்துச் சந்தில் நாற்றம் வரும்போது மாநகராட்சிக்குப் போன் செய்வோம்.

ராகியை நான் பார்த்தது ஒரு ஜூன் மாதக் காலை ஆறரை மணிக்கு, மைசூர் ரிங் ரோட்டில் போகாதி சந்திப்புக்கு அருகே. ராகி என்பது பிறகு வைத்த பெயர். அரைத்த கேழ்வரகின் நிறம். தூறலில் நனைந்து நடுத்தடுப்பை ஒட்டிக் கிடந்தாள். பால் வண்டிகள் விலகி விலகிப் போயின. ஒருவர் பைக்கை நிறுத்தி, ‘அய்யோ பாப’ என்று சொல்லிவிட்டு, ஒரு பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அவள் மூக்கருகே வைத்துவிட்டுப் போனார். நல்ல மனிதர்தான். ஆனால் அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது பிஸ்கட் இல்லை.

இந்த அத்தியாயத்தில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வரும்: இந்த நாய் கடைசியில் எங்கே போய்ச் சேரும்? பெரும்பாலோர் இதைப் புண் ஆறிய பிறகு கேட்கிறார்கள். கேட்க வேண்டியது தூக்கும் நிமிடத்தில். விடை மூன்றில் ஒன்று: பழைய தெரு, புது வீடு, வலியில்லாத மரணம். ‘ஏதாவது ஷெல்டரில் விட்டுவிடலாம்’ என்று நான்காவதாக ஒன்றைப் பலர் மனதில் வைத்திருப்பார்கள். அது விடையாகாது. காப்பகமும் ஆஸ்பத்திரி மாதிரிதான். உள்ளே போன உயிர் வெளியே வந்தால்தான் அடுத்ததற்குப் படுக்கை.

முதலில் உங்கள் ஊசி

நாயைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அதைச் சாலையில் செய்ய முடியாது. தெரு விலங்குகளோடு பழகப்போகிறவர்கள் ரேபிஸ் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்ள வேண்டும்: முதல் நாள், 7-ஆம் நாள், பிறகு 21 அல்லது 28-ஆம் நாள். இப்படிப் போட்டுக்கொண்டவர்களைப் பின்னால் நாய் கடித்தால் இரண்டே ஊசி, முதல் நாளும் 3-ஆம் நாளும். போடாதவர்களுக்கு நான்கைந்து ஊசி. ரத்தம் வந்த கடியாக இருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் செலுத்த வேண்டும்.

மைசூரிலிருந்து பந்திப்பூர், முதுமலை வழியாக ஊட்டி ஏறி அந்தப் பக்கம் இறங்கினால் குன்னூர். அங்கே 1907-இல் பாஸ்டர் இன்ஸ்டிட்யூட் வந்தது. அதற்கு முன் இந்தப் பக்கத்தில் வெறிநாய் கடித்தவர்கள் ஊசி போட இமயமலை அடிவாரத்துக் கசௌலி வரை போக வேண்டியிருந்தது. இன்று அரசு மருத்துவமனையிலேயே ஊசி கிடைக்கிறது. இருந்தும் உலகத்தின் ரேபிஸ் சாவுகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் நடக்கின்றன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நோய் வெளிப்பட்டுவிட்டால் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை.

கடியோ பல் கீறலோ பட்டால் உடனே குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். ‘குட்டிதானே, பால் பல்தானே’ என்ற சமாதானமும் வேண்டாம். குட்டிக்கும் ரேபிஸ் வரும்.

சில அறிகுறிகளைக் கண்டால் கைவைக்கவே கூடாது. தாடை தொங்கி எச்சில் வழிகிறது. தண்ணீர் குடிக்க முயன்றும் விழுங்க முடியவில்லை. குரைப்பு கரகரத்து வேறு குரலாகிவிட்டது. எதிரில் ஒன்றுமில்லாதபோதும் காற்றைக் கடிக்கிறது. கால் பின்னித் தள்ளாடுகிறது. டிஸ்டெம்பர் நோயிலும் இவற்றில் சில உண்டு. சாலையில் நின்று அதைப் பிரித்தறிவது உங்கள் வேலையில்லை. ஆட்களை விலக்கிவிட்டு, பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடுங்கள்.

வண்டியில் ஒரு பை

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது. ஆகவே பை எப்போதும் வண்டியிலேயே இருக்கட்டும்.

கனமான பழைய துண்டு இரண்டு. ஒரு போர்வை. கையுறை ஒரு கட்டு. நாலு விரல் அகலக் காஸ் பேண்டேஜ் சுருள் மூன்று. சலைன் பாட்டில் ஒன்று. போவிடோன் அயோடின். கழுத்தில் சுருக்காகப் போடக்கூடிய நைலான் பட்டை. டார்ச். கடைசியாக, கிழிந்த ஃபிளெக்ஸ் பேனர் ஒன்று. தேர்தலும் தசராவும் முடிந்த ஊரில் அதற்குப் பஞ்சமே இல்லை. நனையாது, கழுவலாம், நாலு மூலையைப் பிடித்தால் ஸ்ட்ரெச்சர், ஆட்டோ சீட்டில் விரித்தால் ஓட்டுநரின் முகம் சுளிக்காது.

பிடிப்பதும் தூக்குவதும்

முதலில் வண்டியை அடிபட்ட நாய்க்கு முன்னால், போக்குவரத்து வரும் பக்கம் நிறுத்தி ஹசார்டு விளக்கைப் போடுங்கள். நாயைக் காப்பாற்றப் போய் நீங்கள் லாரிக்கு அடியில் போவது யாருக்கும் உதவாது.

நேராக அதன் கண்ணைப் பார்த்துக்கொண்டு குனிய வேண்டாம். நாய்க்கு அது சண்டைக்கு வருவது. பக்கவாட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள். வலியில் இருக்கும் நாய் சொந்தக்காரனையே கடிக்கும். அதனால் வாய்க்கட்டு தேவை: காஸ் சுருளை ஒரு வளையமாக முடிந்து மூக்குத்தண்டில் மாட்டி, தாடைக்கடியில் ஒருமுறை குறுக்கே எடுத்து, காதுகளுக்குப் பின்னால் இழுத்து உருவுமுடிச்சாகப் போடுங்கள். இழுத்தவுடன் அவிழ வேண்டும். வாந்தி எடுக்கிற, மூச்சுத் திணறுகிற, முகத்தில் அடிபட்ட நாய்க்கு வாய்க்கட்டுப் போடக்கூடாது. கழுத்தைச் சுற்றித் துண்டை வளையமாகச் சுருட்டி வைத்தால் போதும்.

தூக்கும்போது முதுகுத்தண்டு வளையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிளெக்ஸைப் பக்கத்தில் விரித்து, தோளையும் இடுப்பையும் ஒரே நேரத்தில் பிடித்து, தூக்காமல் வழுக்கி ஏற்றுங்கள். அக்குளில் கைகொடுத்துக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கினால், பாதி முறிந்த எலும்பு முழுதாக முறியும்.

நாலு இடத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஈறு: இளஞ்சிவப்பாக இருந்தால் கொஞ்சம் நிதானிக்கலாம். வெளுத்திருந்தால் ரத்தம் போயிருக்கிறது, உள்ளேயும் போயிருக்கலாம். நீலம் பாய்ந்திருந்தால் மூச்சு போதவில்லை. விரலால் ஈறை அழுத்தி எடுத்தால் வெளுப்பு மாறி இரண்டு விநாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

மூச்சு: ஓய்ந்து படுத்த நாய் நிமிடத்துக்கு 15 முதல் 30 மூச்சு விடும். வயிறு இழுத்து இழுத்து மூச்சுவிட்டால் நெஞ்சில் கோளாறு.

காது: நுனியில் ஒரு நறுக்கு இருந்தால் கருத்தடை ஆன நாய். அந்தத் தெருவில் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. சோறு போடுகிறவர் ஒருவரும் இருக்கக்கூடும்.

மடி: பெண் நாயாக இருந்து மடி கனத்திருந்தால் அருகில் எங்கோ குட்டிகள் காத்திருக்கின்றன. சாக்கடைக் குழாய், மணல் குவியல், கட்டி முடிக்காத வீடு எல்லாவற்றிலும் தேடிப் பார்க்காமல் தாயை எடுத்துப் போனால், ஒன்றைக் காப்பாற்றி ஐந்தைக் கொன்ற கணக்காகிவிடும்.

ராகியின் ஈறு வெளுத்திருந்தது. வலது தொடையில் தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே தெரிந்தது. காதில் நறுக்கு இல்லை; மடி வற்றியிருந்தது. எலும்பை உள்ளே தள்ளவோ நேராக்கவோ முயலாமல், சலைனால் மண்ணைக் கழுவி, ஈரக் காஸால் மூடினேன். ரத்தம் பீறிட்டால் பஞ்சை வைத்து ஐந்து நிமிடம் விடாமல் அழுத்த வேண்டும். ‘நின்றுவிட்டதா’ என்று நடுவில் எடுத்துப் பார்த்தால் உறைந்ததும் பிய்ந்துபோகும்.

கொடுக்கக்கூடாதவை

பல வருடம் முன்பு, சுவரிலிருந்து விழுந்து முனகிக்கொண்டிருந்த ஒரு பூனைக்குப் பாவம் பார்த்து அரை மாத்திரை பாராசிட்டமால் கொடுத்தேன். மறுநாள் ஈறு சாக்லேட் நிறமானது, முகம் வீங்கியது, அன்றிரவே செத்துப்போனது. அது விழுந்ததால் சாகவில்லை. பாராசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றும் வழி பூனையின் ஈரலில் மிகக் குறைவு; மாத்திரையின் ஒரு துண்டே விஷம். நாய்க்கு ஐபுபுரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். வீட்டு மருந்துப்பெட்டியை மூடி வையுங்கள்.

பாலும் வேண்டாம், பிஸ்கட்டும் வேண்டாம். ஒரு மணி நேரத்தில் மயக்க ஊசி போட நேரலாம். வயிறு காலியாக இருப்பது நல்லது. நினைவில்லாத நாயின் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நுரையீரலுக்குப் போகும். புழு வைத்த புண்ணில் பினாயிலோ மண்ணெண்ணெயோ ஊற்றக்கூடாது. புழுவோடு சதையும் வெந்துபோகும், பூனையானால் உயிருக்கே ஆபத்து. ஈ முட்டையிட்டு ஒரு நாளுக்குள் புழு வந்துவிடுவதால், சின்னக் காயம் என்று நாளைக்குத் தள்ளிப்போடாமல் இன்றே காட்டுவதுதான் மருந்து.

மைசூரில் யாரிடம் போவது

கன்னடத்தில் தெருநாயைப் ‘பீதி நாயி’ என்பார்கள். நம் ‘வீதி’ அங்கே ‘பீதி’ ஆகிறது, அவ்வளவுதான். தமிழ்க் காதுக்கு அந்தச் சொல் தெருவையும் பயத்தையும் ஒன்றாகச் சொல்வது போலக் கேட்கும். நாயைப் பற்றிய பாதித் தகராறு அதில் அடங்கிவிடுகிறது. மைசூருக்குப் புதிதாகக் குடிவந்த தமிழர்கள் மூன்று வாக்கியங்களைப் பழகிக்கொண்டால் போதும். ஆட்டோக்காரரிடம்: ‘நாயிகெ பெட்டாகிதெ, ஆஸ்பத்ரெகெ பர்த்தீரா?’ (நாய்க்கு அடிபட்டிருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு வருவீர்களா?) பயப்படுகிறவரிடம்: ‘பாயி கட்டிதீனி, கச்சல்ல.’ (வாயைக் கட்டியிருக்கிறேன், கடிக்காது.) பக்கத்து டீக்கடையில்: ‘இதக்கெ யாராத்ரூ ஊட்டா ஹாக்தாரா?’ (இதற்கு யாராவது சாப்பாடு போடுகிறார்களா?) மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் பின்னால் மிகவும் உதவும்.

மேனகா காந்தி 1992-இல் தொடங்கிய பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் அமைப்புக்கு மைசூரில் கிளை உண்டு. தெரு விலங்குகளுக்கான மீட்பும் சிகிச்சையும் அங்கே நடக்கின்றன. அரசு கால்நடை மருத்துவமனையும் தனியார் மருத்துவர்களும் இருக்கிறார்கள். மாடு, எருமை, ஆடு என்றால் கால்நடைத் துறையின் நடமாடும் ஊர்திக்கு 1962 என்ற எண். ஆதரவற்ற மாடுகளுக்குச் சாமுண்டி மலையடிவாரத்தில் பிஞ்சராபோல் இருக்கிறது. முக்கியமாக ஒன்று: எங்கே போனாலும் போகும் முன் போன் செய்யுங்கள். எக்ஸ்ரே இருக்கிறதா, அறுவை மருத்துவர் இன்று வருகிறாரா என்று கேளுங்கள். இதைக் கேட்காமல் ராகியோடு முதலில் ஓரிடத்துக்குப் போய், எக்ஸ்ரே இயந்திரம் பழுது என்று திரும்பி, நாற்பது நிமிடம் தொலைத்தேன்.

அடிபட்டது காட்டுயிராக இருந்தால் வழியே வேறு. மயில், புனுகுப்பூனை, குரங்கு, பாம்பு, சுவரில் மோதி விழுந்த பச்சைக்கிளிகூட 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும். வீட்டில் வைத்து வளர்ப்பது குற்றம். தத்து என்ற பேச்சுக்கே இடமில்லை. அசோகபுரத்து அரண்ய பவனுக்கு, அதாவது வனத்துறைக்கு, சொல்லுங்கள். மீட்கப்படும் பெரிய காட்டுயிர்களுக்கு மைசூர் உயிரியல் பூங்கா கூர்கள்ளியில் தனி மறுவாழ்வு மையமே நடத்துகிறது.

வேண்டுமென்றே அடித்தோ வண்டியேற்றியோ ஒரு நாயை முடமாக்கியதைக் கண்ணால் பார்த்தால் படம் எடுத்து, வண்டி எண்ணைக் குறித்து, காவல் நிலையத்தில் எழுதிக்கொடுங்கள். 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம் முதல் குற்றத்துக்கு விதிப்பது 10 முதல் 50 ரூபாய் அபராதம்தான். ஆனால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-ஆம் பிரிவில் விலங்கைக் கொல்வதற்கும் முடமாக்குவதற்கும் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. புகாரில் அந்தப் பிரிவையும் குறிப்பிடுங்கள்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

‘பிழைக்குமா?’ என்று மட்டும் கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ‘பிழைத்தால் எப்படி வாழும்?’ என்றும் கேளுங்கள்.

இடுப்பெலும்பு முறிவில் பல, அறுவையே இல்லாமல் நாலு முதல் ஆறு வாரம் சின்ன இடத்தில் அடைத்து ஓய்வு கொடுத்தால் கூடிவிடும். முழங்காலுக்குக் கீழே உடைந்தால் மாவுக்கட்டு உதவலாம். தொடையெலும்புக்கு உதவாது: முறிவுக்கு மேலுள்ள மூட்டையும் கீழுள்ள மூட்டையும் சேர்த்து அசையாமல் பிடித்தால்தான் கட்டு வேலை செய்யும்; இடுப்புமூட்டைக் கட்டு பிடிக்காது. தொடையில் மாவுக்கட்டுப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரிடம் காட்டுங்கள்.

முதுகுத்தண்டில் அடிபட்ட நாய்க்கு மருத்துவர் பின்னங்கால் விரலை இடுக்கியால் அழுத்திப் பார்ப்பார். கால் சுருங்கினால் நாம் மகிழ்ந்துபோவோம். அது வெறும் அனிச்சைச் செயலாக இருக்கலாம். நாய் தலையைத் திருப்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா என்பதையே அவர் கவனிப்பார். வலி மூளைக்கு எட்டுகிறது என்றால் நடக்க வாய்ப்பு இருக்கிறது.

ராகியின் தொடையெலும்பு மூன்று துண்டாகியிருந்தது; திறந்த காயத்தில் ஏற்கெனவே சீழ் மணம். தகடு வைத்தால் தகட்டிலேயே சீழ் பிடிக்கும் என்றார் மருத்துவர். காலை எடுத்துவிடுவது என்று முடிவானது. எனக்கு மனசு கேட்கவில்லை. நாய் தன் எடையின் பெரும்பங்கை முன்னங்கால்களில்தான் தாங்குகிறது, பின்னங்கால் ஒன்று போனால் அதற்கு நம் அளவு கவலை கிடையாது என்று அவர் சொன்னார். நான்காம் நாள் ராகி எழுந்து நின்று, சலைன் குழாயைக் கடித்தாள்.

அந்த முடிவு எடுத்த நிமிடமே என் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டது. மூன்று கால் நாய் ரிங் ரோட்டுக்குத் திரும்ப முடியாது. வீடு தேட வேண்டும். அன்றைக்கே தேட ஆரம்பித்தேன்.

வீட்டில் ஆறு வாரம்

வாடகை வீட்டில் தனி அறை எல்லோருக்கும் வாய்க்காது. பால்கனி மூலையில் இரண்டு பழைய ஜன்னல் கிரில்லைக் கட்டினால் கூண்டு ஆயிற்று. நாய் எழுந்து திரும்பிப் படுக்குமளவு இடம் போதும். ஓட இடமிருந்தால் எலும்பு கூடாது. வீட்டில் வேறு நாய் இருந்தால் இரண்டு வாரம் தனித்தனியாக வைத்து, பாத்திரம், துணி, செருப்பு எதையும் கலக்காதீர்கள். பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்கு அசையாது. ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள்.

பட்டினி கிடந்த நாய்க்கு முதல் நாளே வயிறு முட்டப் போட்டால் வாந்தியும் கழிச்சலும்தான் மிஞ்சும். கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு நாலைந்து வேளை: குழைந்த சோறு, எலும்பில்லாத வேகவைத்த கோழி, முட்டை. மைசூர் பக்கத்துக் கிராமங்களில் நாய்கள் முத்தே என்கிற கேழ்வரகுக் களி தின்றே வளர்கின்றன; கொஞ்சம் ராகிக் கஞ்சி கெடுதலில்லை. வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட் ஆகாது. வெந்த கோழியெலும்பு ஊசியாகச் சிம்பு விடும்.

தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்ட வேண்டும். கடையில் கிடைக்கும். அவசரத்துக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிமை வளைத்து, ஓரத்தில் பிளாஸ்திரி ஒட்டினால் அதே வேலை செய்யும். ராகி மூன்று வாரம் யாரோ ஒருவருடைய நெஞ்செலும்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

கட்டுப் போட்ட காலின் விரல்களைத் தினம் இரண்டு முறை பாருங்கள். விரல் வீங்கினாலோ, சில்லிட்டாலோ, நாற்றம் வந்தாலோ அன்றே போங்கள்; காத்திருந்தால் காலே அழுகும். வெளியே கூட்டிப் போகும்போது கட்டின் மேல் பிரெட் கவரைச் சுற்றி, உள்ளே வந்ததும் எடுத்துவிடுங்கள். நடக்க முடியாத நாயை நாலு மணிக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண். அதன் சிறுநீரை அழுத்தி எடுக்கும் விதத்தை மருத்துவரிடம் கையோடு கை வைத்துக் கற்றுக்கொள்ளுங்கள். எழுத்தில் படித்துக் கற்கும் வித்தை இல்லை அது.

மாத்திரையை இட்லித் துண்டுக்குள் வையுங்கள். முதல் துண்டு வெறும் இட்லி, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவது மறுபடி வெறும் இட்லி. மூன்றாவதற்கு அவசரப்பட்டு இரண்டாவதை மெல்லாமல் விழுங்கும். புண் காய்ந்துவிட்டதென்று ஆன்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்தாதீர்கள்.

உடம்பு தேறியதும் கலப்புத் தடுப்பூசி, ரேபிஸ் ஊசி, குடற்புழு மருந்து, கடைசியாகக் கருத்தடை. கருத்தடை செய்யாமல் தத்துக் கொடுக்க வேண்டாம். அடுத்த வருடம் அதே வீட்டிலிருந்து ஆறு குட்டிகளுக்கு இடம் கேட்டுப் போன் வரும்.

தெருவா, வீடா?

குணமான நாயெல்லாம் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை. மூன்று நாலு வயதான, தன் தெருவும் கூட்டாளிகளும் உள்ள, டீக்கடையில் தினம் பன் கிடைக்கிற நாயை மூன்றாவது மாடி ஃபிளாட்டில் அடைப்பது உதவியா என்று யோசியுங்கள். டீக்கடையில் கேட்ட கேள்வி இங்கேதான் பயன்படும்.

தெருநாயைப் பிடித்துக் கருத்தடை செய்து அதே இடத்தில் விடும் முறைக்குத் தமிழ்நாட்டில் பழைய வேர் உண்டு. கேப்டன் சுந்தரம் 1959-இல் தொடங்கிய சென்னை புளூ கிராஸ், நாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாக 1964-லேயே இதை முன்வைத்தது. சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996-இல். இன்று 2023-ஆம் ஆண்டு விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் பிடித்த இடத்திலேயே விடச் சொல்கின்றன. 2025 ஆகஸ்ட் 22-இல் உச்ச நீதிமன்றம், ரேபிஸ் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் முடித்து அதே பகுதியில் விடலாம் என்றது; தத்தெடுத்த நாய் மறுபடி தெருவுக்கு வரக்கூடாது என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் தேதி உத்தரவு பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம், விளையாட்டு வளாகம் ஆகியவற்றிலிருந்து நாய்களை அகற்றச் சொன்னது. அங்கேயே திரும்ப விடுவதற்கும் தடை. ஆகவே ஆஸ்பத்திரி வாசலிலிருந்து தூக்கிய நாயை அங்கேயே விடலாம் என்று எண்ணாதீர்கள். விடும் முன் மாநகராட்சியில் அன்றைய நிலையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது விடையையும் சொல்லியாக வேண்டும். முதுகு முறிந்து, வலியும் உணராமல், புண்ணில் கிடக்கிற நாயை ‘உயிர் இருக்கிறதே’ என்று இழுத்துக்கொண்டிருப்பது நம் மனநிம்மதிக்காக. மருத்துவர் சொன்னால் சம்மதியுங்கள். முடிந்தால் தலையில் கைவைத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். உங்கள் கை அதற்குப் பழகியிருக்கும்.

தத்துக் கொடுப்பது

படத்திலிருந்து தொடங்குவோம். ரத்தக் காயப் படம் போட்டால் ‘அய்யோ’ என்று நூறு பேர் எழுதுவார்கள். வீடு தர ஒருவரும் வரமாட்டார்கள். காலை வெயிலில், நாயின் கண்மட்டத்துக்குக் குனிந்து எடுத்த படம் ஒன்று, கயிற்றில் நடக்கும் பத்து விநாடி வீடியோ ஒன்று போதும். கீழே உண்மையை எழுதுங்கள். ராகிக்கு நான் எழுதியது: ‘வயது இரண்டு இருக்கலாம். மூன்று கால். பூனையைத் துரத்துவாள். பட்டாசுக்கு நடுங்குவாள். செருப்பு பத்திரம்.’ கடைசி வரியைப் படித்துவிட்டுத்தான் அந்தக் குடும்பம் கூப்பிட்டது.

கூப்பிடுகிறவர்களிடம் கேளுங்கள்: சொந்த வீடா, வாடகையா? வாடகையென்றால் வீட்டுக்காரர் சம்மதித்தாரா? அடுக்குமாடிச் சங்கம் நாய் வளர்ப்பதற்கே தடை போட முடியாது என்று விலங்குகள் நல வாரியம் 2015-இலேயே வழிகாட்டியிருக்கிறது; ஆனால் தினமும் லிஃப்டில் சண்டை போடத் தயாரா என்பது வேறு கேள்வி. ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? பகலில் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்? இதற்கு முன் வளர்த்த நாய் என்ன ஆயிற்று? கடைசிக் கேள்விக்கு ‘ஓடிப்போச்சு’ என்ற பதில் இரண்டு முறை வந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். வீட்டில் ஒருவர் மட்டும் வேண்டாம் என்று சொன்னாலும் கொடுக்காதீர்கள். கடைசியில் நாயைக் கவனிக்கப்போகிறவர் பெரும்பாலும் அவர்தான்.

நீங்களே நாயைக் கொண்டுபோய் விடுங்கள். கேட் இடுக்கில் தலை நுழையுமா, மொட்டைமாடிக் கைப்பிடிச்சுவர் எவ்வளவு உயரம் என்று பாருங்கள். ஊசிச் சீட்டு, கருத்தடைச் சான்று, ஒப்புதல் கடிதம், அது படுத்த பழைய துணி நாலையும் கையில் கொடுங்கள். மாநகராட்சியில் பதிவு செய்யச் சொல்லுங்கள். முதல் மூன்று நாள் மிரண்டு மூலையில் கிடக்கும். மூன்று வாரத்தில் வீட்டின் நேரம் பிடிபடும். தன் வீடு என்று நம்ப மூன்று மாதம் ஆகும். இதை முன்பே சொல்லிவைத்தால் மூன்றாம் நாள் ‘இது சாப்பிடவே மாட்டேங்குது, எடுத்துக்கிட்டுப் போங்க’ என்று போன் வராது. வந்தாலும் திட்டாமல் போய் எடுத்துக்கொள்ளுங்கள். திட்டுக்குப் பயந்தவர்கள் நாயை ராத்திரியில் ரிங் ரோட்டில் இறக்கிவிடுவார்கள்.

ராகி இப்போது ஸ்ரீராம்புராவில் ஒரு வீட்டில் இருக்கிறாள். மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் ஒருநாள் போய்ப் பார்த்தேன். கேட்டைத் தொட்டதுமே மூன்று காலில் பாய்ந்து வந்து, தெருவே கேட்கும்படி குரைத்தாள். வீட்டம்மா ஓடிவந்து, ‘அய்யோ, உங்களைத் தெரியலையே இதுக்கு’ என்று சங்கடப்பட்டார். காபி கொடுத்தார். நான் கிளம்பும் வரை ராகி அவர் காலுக்குப் பின்னாலிருந்து என்னை முறைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் வழியில் மருந்துக்கடையில் வண்டியை நிறுத்தினேன். பையில் காஸ் சுருள் ஒன்றுதான் மிச்சம் இருந்தது.